விளையாடட்டும், கைப்பட்டி வேண்டாம்: வெஸ்ட்ஹாம் கழகத்துக்கு ஒரு திறந்த மடல் (2023 ஆகஸ்டில் எழுதியது)

வெஸ்ட்ஹாம் யுனைட்டட் கழகத்தின் பணிப்பாளர் சபையினருக்கும் முகாமையாளர் டேவிட் மோயஸ் அவர்களுக்கும்,

முன்னைய தலைவர் டெக்லன் ரைஸ் ஆர்சனலுக்குப் போன பிறகு வெறுமையாக இருந்த உங்கள் உதைபந்தாட்ட அணியின் தலைவர் பொறுப்பையும் அதற்குரிய கைப்பட்டியையும் 2023 ஆகஸ்ட் மாதம் உங்கள் வீரர் கேர்ட் சூமாவிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். பூனையை வதைத்த குற்றத்துக்காக 2022 ஜூன் 1 அன்று தேம்ஸ் நீதவான் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர் அவர். ஐந்து ஆண்டுகளுக்குப் பூனை வளர்க்கக் கூடாது என்று அந்த நீதிமன்றம் இட்ட தடை 2027 ஜூன் வரை நடப்பில் இருக்கிறது. தன் வீட்டில் ஒரு பூனையை வைத்திருக்க இவரை இப்போதைக்கு நம்ப முடியாது என்று சட்டம் சொல்லியிருக்கும் காலத்துக்குள்ளேயே, ஓர் அணியை இவரிடம் நம்பிக் கொடுக்கலாம் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். இதை என்னால் பேசாமல் விழுங்கிக்கொள்ள முடியவில்லை.

ஈஸ்ட்ஹாமிலும் மேனர் பார்க்கிலும் உங்கள் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரியும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன். இதே விடயங்களை உங்கள் அலுவலகத்துக்கு ஆங்கிலத்திலும் அனுப்பியிருக்கிறேன்.

நான் 2001 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, கிரீன் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடைக்கு மேலிருந்த அறையில் குடியேறியவள். உங்கள் பழைய போலின் மைதானத்தில் ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் மத்தியானத்துக்கு முன்னமே தெரு நிறைந்துவிடும், பேருந்துகள் நகராது, எங்கள் யன்னல் கண்ணாடி அதிர்கிற அதிர்வை வைத்தே கோல் விழுந்துவிட்டது என்று அறிந்துகொள்வோம். உதைபந்தாட்டம் பற்றி ஒன்றும் தெரியாமலே உங்கள் வெற்றி தோல்விகளோடு வாழப் பழகிவிட்டோம். 2016 மே மாதத்தில் மன்செஸ்டர் யுனைட்டட்டை 3-2 என்று வென்று அந்த மைதானத்துக்கு விடைகொடுத்த இரவில், ஐந்து வயதான என் மகன் நித்திரை கொள்ள மறுத்து யன்னலடியிலேயே நின்றான். அதற்குப் பிறகு அவனை வேறு அணிப் பக்கம் திருப்ப எவராலும் முடியவில்லை. 2021 நத்தாருக்கு அவன் கேட்டு வாங்கிய சட்டையின் முதுகில் இருந்தது சூமாவின் பெயரும் 4 என்ற இலக்கமும்தான்.

அந்தச் சட்டை வாங்கி இரண்டு மாதம் ஆகவில்லை, 2022 பெப்ரவரி 7 அன்று அந்தக் காணொளி வெளியே வந்தது. அதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் அதில் இருப்பதை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் ஒன்றரை வருடத்துக்குள் அது "பூனை விவகாரம்" என்ற இரண்டு சொற்களாகச் சுருங்கிப் போய்விட்டது. சமையலறைத் தரையில் ஒரு பூனையை விழவிட்டு, உதைபந்தை உதைப்பதுபோல் உதைக்கிறார். ஒளிய இடம் தேடி ஓடும் பூனையின் மீது சப்பாத்தை எறிகிறார். ஒரு பிள்ளையின் கைகளுக்குள் இருக்கும் பூனையின் தலையில் அறைந்து அதைக் கீழே விழுத்துகிறார். இவ்வளவையும் அவருடைய தம்பி படம்பிடிக்கிறார், பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. ஆத்திரத்தில் கை ஓங்கிவிட்ட ஒரு கணம் என்று இதைச் சொல்ல முடியாது, ஒவ்வொரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே நிறுத்திக்கொள்ள நேரம் இருந்திருக்கிறது.

மறுநாள் வட்ஃபோர்ட் அணியுடன் ஆட்டம். நீங்கள் அவரைத் தொடக்க அணியில் இறக்கினீர்கள். எங்களுடைய சிறந்த வீரர்களில் ஒருவர் என்பதால் இறக்கினேன் என்று முகாமையாளர் காரணம் சொன்னார். எதிரணியின் ஆதரவாளர்கள் மட்டுமல்ல, உங்கள் சொந்த ஆதரவாளர்களும் அவருடைய காலில் பந்து பட்ட ஒவ்வொரு முறையும் கூச்சலிட்டார்கள். ஆட்டம் 1-0 என்று உங்களுக்குச் சாதகமாக முடிந்தது. அதன் பிறகு உங்கள் விதிகள் அனுமதிக்கிற ஆகக் கூடிய தண்டப்பணமாக இரண்டரை இலட்சம் பவுணை அறவிட்டு விலங்குநல அமைப்புகளுக்குக் கொடுத்தீர்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அடிடாஸ் நிறுவனம் அவருடன் கொண்டிருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது, உங்கள் விளம்பர அனுசரணையாளரான வைட்டாலிட்டி தன் அனுசரணையை இடைநிறுத்தியது, அந்தப் பூனைகளை விலங்கு வதைத் தடுப்புச் சங்கமான ஆர்எஸ்பிசிஏ எடுத்துச் சென்றது. வியாபார நிறுவனங்களுக்குப் புரிந்த ஒன்று நூறு வருடங்களுக்கு மேல் இந்த மண்ணில் ஊறிய ஒரு கழகத்துக்குப் புரியத் தாமதமானதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் அயலில் உள்ள டகனம் அன்ட் ரெட்பிரிஜ் கழகத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அப்போது ஐந்தாம் நிலை லீக்கில் ஆடிய, உங்களோடு ஒப்பிட்டால் காசே இல்லாத கழகம் அது. காணொளியைப் படம்பிடித்த தம்பி யோன் சூமா ஆடியது அந்த அணிக்காக. விசாரணை முடியும் வரை அவரை ஆடவிடுவதில்லை என்று அவர்கள் உடனடியாக அறிவித்தார்கள். அடித்தவரை நீங்கள் ஆட விட்டீர்கள், படம் எடுத்தவரை அவர்கள் நிறுத்தி வைத்தார்கள். ஒரே குடும்பம், ஒரே காணொளி, சில மைல் இடைவெளியில் இரண்டு கழகங்கள்.

அந்தக் கிழமை நான் வேலை செய்யும் பாடசாலையில் நடந்ததைச் சொல்கிறேன். நியூஹாமில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். மழை என்பதால் இடைவேளையில் பிள்ளைகளை வகுப்புக்குள்ளேயே விட்டிருந்தோம். வாசிப்பு மூலையில் இருந்த துணி முயலை ஏழு வயதுப் பையன் ஒருவன் நிலத்தில் வைத்து உதைத்தான். அதற்கு மேல் என்னைத் திடுக்கிட வைத்தது மற்ற இரண்டு பேர் செய்தது. அவர்கள் இரு கைகளின் விரல்களையும் சதுரமாகக் கோத்துத் தொலைபேசிபோல் பிடித்துக்கொண்டு, அதை "படம் எடுத்தபடி" சிரித்தார்கள். உதைப்பது, படம் எடுப்பது, சிரிப்பது என்று மூன்றையும் சேர்த்தே அவர்கள் ஒரு விளையாட்டாகக் கற்றிருந்தார்கள். மூவருமே நல்ல பிள்ளைகள். அதில் ஒருவன், வகுப்பில் நத்தையொன்று நசுங்கிக் கிடந்தபோது அழுதவன். பின்னர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுநர், இந்தக் காணொளி பரவிய பிறகு பூனைகளை அடித்து அதைச் சமூக ஊடகங்களில் போடுகிறவர்கள் கிளம்பியிருக்கிறார்கள் என்று சொன்னதைச் செய்தியில் வாசித்தபோது எனக்கு வியப்பு வரவில்லை. இளையவர்கள் உங்களைப் பார்த்து நடக்க ஆசைப்படுகிறார்கள் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும் என்ற கருத்தை அந்த நீதிபதியும் தண்டனை வழங்கும்போது சொன்னார். 180 மணித்தியாலச் சமூக சேவை, ஐந்தாண்டுத் தடை, ஏறக்குறைய 9,000 பவுண் வழக்குச் செலவு என்பது தீர்ப்பு. போ வீதியில் இருக்கும் அந்த நீதிமன்றத்துக்கும் உங்கள் மைதானத்துக்கும் அதிக தூரமில்லை.

விலங்குகளைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுத எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். ஆறு வருடங்களாக, கைவிடப்பட்ட பூனைகளை நிரந்தர வீடு கிடைக்கும் வரை எங்கள் வீட்டில் வைத்துப் பராமரித்து வருகிறேன். 2022 சித்திரையில் எங்களிடம் வந்த சாம்பல் நிறப் பெண் பூனையின் தாடை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, கீழ்க் கோரைப்பல் ஒன்று இல்லை. மிருக வைத்தியர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு விலா எலும்புகள் முறிந்து தாமாகவே கோணலாகப் பொருந்தியிருப்பதைக் காட்டினார். யார் செய்தது, எந்த வீட்டில் நடந்தது என்பதெல்லாம் எவருக்கும் தெரியாது, வீதியோரத்தில் ஒரு பெட்டிக்குள் கிடந்த பூனை அது. எங்கள் வீட்டில் எல்லோரும் செருப்பு, சப்பாத்துகளை வாசலில்தான் கழற்றி வைப்போம். காலையில் என் கணவர் வேலைச் சப்பாத்தைப் போடுவதற்குக் கையில் எடுத்தால் போதும், அந்தப் பூனை சலவை இயந்திரத்துக்குப் பின்னால் போய்விடும். பின்னேரம் வரை வெளியே வராது, சிறுநீரும் அங்கேயே. கடைசியில் எல்லாச் சப்பாத்துகளையும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வெளியே வைத்தோம். கதவுக்கு முதுகைக் காட்டியபடி நின்று சாப்பிட அதற்கு ஏழு மாதம் எடுத்தது. பூனை நோவை வாய்விட்டுச் சொல்லாது. நொந்த இடத்தை மறைத்துக்கொண்டு நடமாடும், பார்ப்பவர்கள் சுகமாக இருக்கிறது என்று நினைப்பார்கள். அந்தக் காணொளியில் எறியப்பட்ட சப்பாத்தை நான் பார்க்கிற விதமும், உங்கள் சபைக் கூட்டத்தில் இருந்தவர்கள் பார்த்திருக்கக்கூடிய விதமும் ஒன்றாக இருக்க வழியில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும், சூமாவை இனி ஆடவிடாதீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது எங்கள் வீட்டுப் பூனை அடுப்படி விறகுக்குள் நான்கு குட்டிகள் போட்டது. அம்மா சொன்னபடி அவற்றை உரப்பையில் போட்டுக் கட்டி, அண்ணாவின் சைக்கிளில் பின்னுக்கு இருந்து கொண்டுபோய்ச் சந்தைக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தேன். பை அசைந்துகொண்டிருந்தது. கட்டை அவிழ்த்துவிட்டாவது போவோம் என்று அண்ணாவிடம் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் அதை ஒருவரும் குற்றமாக எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. அந்தப் பை அசைந்ததை நினைத்து முதல் தடவையாக எனக்குத் தூக்கம் வராமல் போனது இருபது வருடம் கழித்து, முதல் பூனை எங்கள் வீட்டுக்கு வந்த கிழமையில். மனிதர் மாறுவார்கள் என்று நான் நம்புவதற்கு என்னைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை. சூமாவும் மாறலாம், ஏற்கெனவே மாறியும் இருக்கலாம். அவர் தொழில் செய்து பிழைக்கும் உரிமையை எவரும் பறிக்கக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உங்கள் வீரர் மிக்கேல் அன்ரோனியோ, இவர் செய்தது இனவாதத்தைவிட மோசமானதா என்று அந்த நாட்களில் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டுப் பலர் கோபப்பட்டார்கள், நான் கோபப்படவில்லை. இதே கிரீன் ஸ்ட்ரீட்டில், ஆட்டம் முடிந்து திரும்பிய கூட்டத்தில் ஒருவன் என் முகத்துக்கு நேரே எச்சில் துப்பியிருக்கிறான், அப்போது என் வயிற்றில் பிள்ளை. கறுப்பின வீரர் ஒருவர் தவறு செய்தால் அவர்மீது விழுகிற வசையில் எவ்வளவு பங்கு அந்தத் தவறுக்கானது, எவ்வளவு பங்கு அவருடைய தோலுக்கானது என்று பிரித்தறிய எனக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சூமாவின் நிறத்தை இழுத்துத் திட்டியவர்கள் என் பக்கத்து ஆட்கள் இல்லை. ஆனால் அன்ரோனியோவின் கேள்விக்கு விடை உங்கள் விளையாட்டின் பதிவேட்டிலேயே இருக்கிறது. இனவாதச் சொல்லுக்காக 2011 இல் லிவர்பூல் வீரர் லூயிஸ் சுவாரெஸுக்கு எட்டு ஆட்டத் தடை. எதிரணி வீரரைக் கடித்ததற்காக 2013 இல் அதே ஆளுக்குப் பத்து ஆட்டத் தடை. பணம் வைத்துப் பந்தயம் கட்டுவது பற்றிய விதிகளை 232 தடவை மீறியதற்காக பிரென்ட்ஃபோர்ட் அணியின் இவான் டோனிக்கு 2023 மே மாதத்தில் எட்டு மாதத் தடை. விலங்கு வதைக்காக நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டவருக்கு உதைபந்தாட்டச் சங்கம் விதித்தது ஒரு ஆட்டத் தடைகூட இல்லை. பிரித்தானியப் பாராளுமன்றம் இந்தக் குற்றத்துக்கான உச்சத் தண்டனையை 2021 இல் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வருடமாக உயர்த்தியது. நாட்டின் சட்டம் இதைப் பாரதூரமாக எடுத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகும் உதைபந்தாட்டத்தின் சட்டப் புத்தகத்தில் இதற்கு இடமில்லை.

அமெரிக்காவில் மைக்கேல் விக் என்ற அமெரிக்கப் பாணி உதைபந்தாட்ட வீரரின் கதையை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். நாய்ச்சண்டை நடத்தியதற்காக 2007 இல் 23 மாதச் சிறைத்தண்டனை பெற்றவர். அவருடைய குற்றம் சூமாவின் குற்றத்தைவிடப் பல மடங்கு கொடியது, இரண்டையும் நான் சமப்படுத்தவில்லை. நான் பார்ப்பது நடந்த ஒழுங்கை. அவருடைய லீக் அவரைக் காலவரையறையின்றி இடைநிறுத்தியது. சிறை போனார், இரண்டு பருவகாலங்களை இழந்தார், மீட்கப்பட்ட நாய்களைப் பராமரிப்பதற்காகப் பெருந்தொகை கட்டினார். 2009 இல் நிபந்தனைகளோடு திரும்ப எடுக்கப்பட்ட பிறகு, விலங்குநல அமைப்பொன்றோடு சேர்ந்து இளைஞர்களிடம் நாய்ச்சண்டைக்கு எதிராகப் பேசினார். நாய்ச்சண்டையைப் பார்க்கப் போகிறவர்களையும் தண்டிக்கும் சட்டத்துக்கு ஆதரவாக 2011 இல் தலைநகருக்கே போய்க் குரல் கொடுத்தார். அவரை மன்னிக்காதவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அது அவர்களுடைய உரிமை. ஆனாலும் அவருக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்புக்கு முன்னால் ஓர் இழப்பும், பின்னால் ஒரு வேலையும் இருந்தன. சூமா காணொளி வெளிவந்ததும் மன்னிப்புக் கேட்டார், தண்டப்பணம் கட்டினார், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் இழுத்தடித்தார் என்றும் சொல்ல முடியாது. 2022 மே மாதம் ஒப்புக்கொண்டார். ஆனால் அவருடைய குற்றத்தின் காரணமாக நீங்கள் அவரை ஒரு ஆட்டத்திலாவது வெளியே இருத்தியதாக எங்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

ஆடவிட்டது இரண்டாவது வாய்ப்பு. அதை அவர் பயன்படுத்தினார், 2023 ஜூன் மாதம் பிராக் நகரில் ஐரோப்பியக் கழகங்களுக்கான கொன்ஃபரன்ஸ் லீக் கிண்ணம் வென்ற அணியிலும் இருந்தார், நாங்களும் வீட்டில் எழுந்து நின்று கத்தினோம். தலைவர் கைப்பட்டி வாய்ப்பு என்ற கணக்கில் வராது, அது மரியாதை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால், உங்கள் அணியின் சட்டை போட்ட சிறு பிள்ளையொன்று தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு சுரங்கவழியால் மைதானத்துக்குள் வருகிறது. அந்தப் பிள்ளைக்கும் ஆறேழு வயதுதான் இருக்கும். பார்க்கிங் (Barking) வீதியும் கிரீன் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் மூலையில், சக வீரர்களின் தோளில் இருந்து 1966 உலகக் கிண்ணத்தை உயர்த்திப் பிடித்திருக்கும் பொபி மூரின் சிலையைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். அவர் உங்கள் அணித்தலைவராக இருந்தவர். அவருடைய 6 ஆம் இலக்கச் சட்டையை வேறு எவருக்கும் கொடுப்பதில்லை என்று 2008 இல் முடிவெடுத்த கழகம் நீங்கள். ஒரு சட்டை இலக்கத்துக்கு இவ்வளவு கனம் கொடுக்கத் தெரிந்த உங்களுக்கு ஒரு கைப்பட்டியின் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் இவை.

நீதிமன்றத் தடை முடியும் 2027 ஜூன் வரை தலைவர் பொறுப்பை அணியின் வேறொருவரிடம் கொடுங்கள். சூமா தொடர்ந்து ஆடட்டும். இந்த நியமனத்துக்கு முன்னர் அவருடைய தண்டனை பற்றிப் பணிப்பாளர் சபையில் பேசப்பட்டதா, பேசப்பட்டிருந்தால் என்ன காரணத்தால் அது தடையாகக் கருதப்படவில்லை என்பதை ஆதரவாளர்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள். பேசப்படவே இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

உங்கள் கழகத்தின் அறக்கட்டளை நியூஹாம் பாடசாலைகளுக்கு வந்து பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிறது. அந்த நிகழ்ச்சிகளில் விலங்குகளை எப்படி நடத்துவது என்ற ஒரு பாடத்தையும் சேருங்கள், அதில் சூமாவையே பேச வையுங்கள். எழுதிக் கொடுத்த அறிக்கையை வாசிப்பதற்குப் பதிலாக, தான் செய்தது என்ன, அது ஏன் தவறு என்று தன் வாயால் பிள்ளைகளுக்கு அவர் சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலையிலும் அவரை வரவேற்க நான் தலைமை ஆசிரியரிடம் கேட்பேன். துணி முயலை உதைத்த பையனுக்கு இப்போது ஒன்பது வயது, இன்னும் உங்கள் அணியைத்தான் ஆதரிக்கிறான்.

இம்மடலின் பிரதி இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கத்துக்கும் போகிறது. விலங்கு வதைக் குற்றத்துக்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்படும் வீரருக்குக் குறைந்தபட்ச ஆட்டத் தடையும், திரும்பி வருவதற்கு முன்னர் கட்டாயக் கற்கையும் விதிக்கும் ஒரு விதியை அடுத்த பருவகாலத்துக்குள் கொண்டுவரும்படி அவர்களைக் கேட்டிருக்கிறேன். அதற்கு உங்கள் கழகம் வெளிப்படையாக ஆதரவு தர வேண்டும், இந்த விதி இல்லாததன் விளைவை மற்றக் கழகங்களைவிட நீங்கள்தான் நேரே அனுபவித்தவர்கள்.

செப்டெம்பர் 30 க்குள் எழுத்தில் பதிலை எதிர்பார்க்கிறேன். 4 ஆம் இலக்கச் சட்டை மடித்தபடி அலுமாரியில் இருக்கிறது, அது என் மகனுக்கு இப்போது சின்னதாகிவிட்டது. இந்தப் பருவகாலத்துக்குப் புதுச் சட்டை வாங்கித் தரும்படி கேட்டிருக்கிறான். உங்கள் பதில் வரட்டும், பிறகு வாங்குவோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒரு தாய், உங்கள் ஆதரவாளர்
ஆகஸ்ட் 2023